முடிவு சாய்கோடு பன்னிரண்டு

எங்கள் தெருவில் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கட்சிக்கும் சங்கத்துக்கும் அவர் தலைவர் இல்லை. விக் கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை தலைகளோடுதான் அவருக்கு வேலை. யாரோ விளையாட்டாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை, பேனரும் அடித்துக் கொடுப்பேன். பதினோரு வருஷமாகக் கண்ணெதிரே பார்க்கிற மனிதர் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

தலைவருக்கு ஐம்பத்து நாலு வயசு. தலை நிறைய முடி, கருகருவென்று. விக் விற்கிறவருக்கு அது ஒரு தொல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதை நல்ல சரக்கு என்று நினைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். சொந்த முடி என்றால் நம்ப மாட்டார்கள். அவர் பேசாமல் குனிந்து தலையைக் கொடுப்பார், அவர்கள் இழுத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இது நடக்கும். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கடைக்கு இரண்டு வாசல். தெருப்பக்க வாசல் பேருக்குத்தான். வாடிக்கையாளர்கள் பக்கத்துச் சந்தில் இருக்கிற சின்னக் கதவு வழியாகத்தான் வருவார்கள். உள்ளே ஒரு திரை, பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, சுவரோரத் தட்டில் பதினாலு பொம்மைத் தலைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு எண். வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான். நீள நோட்டில் யார் பேரையும் எழுத மாட்டார். ஆளுக்கொரு எண், தலையின் சுற்றளவு, முடியின் நிறம், கூப்பிட ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். வெளியே எங்கே பார்த்தாலும் அவர்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஒரு தடவை பஸ்ஸில் பத்து வருஷ வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறார். இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்களாம். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற அவர் மனைவிக்கு இதில் மகா வருத்தம். இவரோடு நடந்து போனால் ஊரில் பாதிப் பேர் தன்னையும் பார்க்காத மாதிரி போகிறார்கள் என்பார்.

இப்படிப்பட்ட கடைக்குத்தான் அவர் மச்சான் வெப்சைட் செய்து கொடுத்தார். மனைவியின் தம்பி. முன்பு பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு அதே ஆட்களுக்கு வெப்சைட் செய்ய ஆரம்பித்தார். நாற்பது வயசு, வாயில் எப்போதும் ஒரு யோசனை. வெப்சைட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு விக்குக்குக் கீழேயும், நண்பர்களுக்கு அனுப்புவதற்கென்று வரிசையாக ஐந்து ஷேர் பட்டன்கள் வைத்திருந்தார். விக் பார்த்ததை யார் ஊருக்குச் சொல்வார்கள் என்று தலைவர் கேட்டார். பட்டன் இல்லாத வெப்சைட் கைப்பிடி இல்லாத கதவு மாதிரி என்றார் மச்சான்.

எட்டு மாதம் கழித்து மச்சான் கணக்கெடுத்தபோது மொத்தம் ஒரே ஒரு ஷேர் ஆகியிருந்தது. அதுவும் தலைவர் போனைத் துடைக்கும்போது கட்டைவிரல் பட்டுப் போனது. 'பெண்களுக்கான நீள அலைக்கூந்தல்' என்று மனைவி வீட்டார் குழுவுக்குப் போய் விழுந்தது. கொழுந்தியா "யாருக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்தக் குழுவில் யாரும் வாயே திறக்கவில்லை.

மச்சான் யோசித்துவிட்டு, பட்டன் மேல் தப்பில்லை, லிங்க் மேல்தான் தப்பு என்று கண்டுபிடித்தார். லிங்க் மூன்று வரி நீளம். அதில் வழுக்கை, விக், பெண்கள், தீர்வு என்று எல்லாச் சொல்லும் அப்படியே வாசிக்கிற மாதிரி இருந்தது. அனுப்பினால் பாதியில் உடைந்துவிடும், உடையாவிட்டால் மானம் போய்விடும். அதனால் கடைக்கென்று சொந்தமாக ஒரு குட்டி லிங்க் வேண்டும், எந்தப் பட்டனை அமுக்கினாலும் அந்தக் குட்டி லிங்க்தான் போக வேண்டும், அதைப் பார்க்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே கூடாது என்றார்.

அந்தப் பேரை என் கடையில் டீ குடித்துக்கொண்டேதான் முடிவு செய்தோம். தலைவருக்கு 'முடி' பிடித்திருந்தது. அதை ஏற்கெனவே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். மச்சான் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்தார்.

"முடிவு. உள்ளே முடியும் இருக்கு, வெளியில தெரியவும் தெரியாது. வாங்கறவங்க எடுக்கிற முடிவுன்னும் வச்சுக்கலாம்."

அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடு, பிறகு பொம்மையின் எண். முடிவு/1, முடிவு/2 என்று பதினாலு வரை. அருமை என்று முதலில் சொன்னவன் நான்தான்.

திறக்கிற பக்கத்தையும் மாற்றினார்கள். தோளுக்குப் பின்னால் நின்று யாராவது எட்டிப் பார்த்தால்? அதனால் எடுத்தவுடன் படம் வராது. ஒரு கட்டம் மட்டும் இருக்கும். மேலே 'உங்கள் எண்' என்று எழுதியிருக்கும். தலையின் சுற்றளவை சென்டிமீட்டரில் போட வேண்டும். போட்டால் பதில் வரும். பதில்களைத் தலைவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார், நான் டைப் செய்தேன். ஐம்பதுக்குக் கீழே என்றால், 'இன்னும் வளர்ந்த பிறகு வாருங்கள்.' ஐம்பதிலிருந்து அறுபத்திரண்டு வரை என்றால், 'வாழ்த்துகள். உங்களுக்கு உரியது கிடைத்துவிட்டது', கூடவே விக் போட்ட பொம்மையின் படம். அதற்கும் மேலே என்றால், 'மன்னிக்கவும். இந்தத் தலைக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. நேரில் வரவும்', கீழே கடை விலாசம்.

இரண்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. அப்புறம்தான் கணக்கு டீச்சர் வந்தார்.

மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். நீண்ட நாள் காய்ச்சலுக்குப் பிறகு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சந்துக் கதவு வழியாக வந்தார். தலைவர் அளந்தார், ஐம்பத்தைந்து. தோள் வரைக்கும் நேராக விழுகிற பன்னிரண்டாம் நம்பர் டீச்சருக்குப் பிடித்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிற தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து, ஐம்பத்தைந்து போட்டுப் பார்த்து, ஷேர் பட்டனை அமுக்கி, கூடவே ஒரு வரியும் எழுதினார்: 'பார்த்துட்டு உடனே சொல்லு. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்.'

தங்கை பேருக்கு மேலே இருந்தது பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் குழு, விரல் அதில் பட்டுவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தேர்வு முடிவு இன்று வரும், நாளை வரும் என்று அடுப்பில் வைத்த பால் மாதிரி எல்லாரும் பொங்கிக்கொண்டிருந்த வாரம். அந்தக் குழுவில்தான் கணக்கு டீச்சரிடமிருந்து 'முடிவு/12' வந்து விழுந்தது. வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாமாம்.

டீச்சர் கவனித்தபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குள் அது வேறு பள்ளிகளின் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. 'அது இல்லை' என்று எழுதலாம். அப்புறம் எது என்று கேட்பார்களே. எழுதி அழித்தார், எழுதி அழித்தார். நடுவில் தலைமை ஆசிரியை வேறு கட்டைவிரல் படம் போட்டு நன்றி சொல்லிவிட்டார். டீச்சர் போனை அணைத்து அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தலைவர் கடையைத் திறக்கும்போதே மச்சான் போன் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் பிச்சுக்கிட்டுப் போகுது மாமா, பத்தொன்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க என்றார். கையில் இருப்பதே இரண்டுதான் என்று தலைவர் பதறிப்போய் முடி சப்ளை செய்கிறவரைக் கூப்பிட்டார். இருபதாயிரம் பேருக்கு நேர்முடி கிடைக்குமா என்று அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு முதல் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, நடுவில் தலைகுனிந்த பையன். தெருப்பக்க வாசல் வழியாகவே நேராக வந்தார்கள். பையனின் தேர்வு எண் ஏழு இலக்கம். அதைக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். அப்பா போனை நீட்டினார்.

"எங்க பையன் தலையில ஒண்ணும் இல்லைன்னு நீங்க எப்படி சொல்லலாம்?"

தலைவர் வாங்கிப் பார்த்தார். எழுதியது அவரேதான், ஒரு எழுத்து மாறவில்லை. இது விக் கடை, அது தலை அளவுக்கான கட்டம், தேர்வு முடிவு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா பொம்மைத் தலைகளைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, எதை எதையோ யார் யாரிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள் என்று அரசாங்கத்தைத் திட்டினார். அவர்கள் வெளியே போவதற்குள் பின்னால் ஆறு குடும்பம் நின்றது. பத்தரைக்கு வரிசை என் கடை வாசலைத் தாண்டிவிட்டது.

ஷட்டரை இறக்கிவிடுங்கள் தலைவரே என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நேரில் வரவும்னு நான்தானே எழுதினேன்? வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார். வந்தவர்களை உட்காரவைத்தார். நாற்காலியில் ஒரு தலை வந்து உட்கார்ந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. டேப்பை எடுத்து அளந்துவிட்டார்.

அங்கேதான் விவகாரம் முற்றியது. ஒரு பெண்ணுக்கு அளந்து, வழக்கம்போல வாய்விட்டு "ஐம்பத்தாறு" என்றார். அவளுடைய அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பாஸ் பண்ணினால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டாராம். அடுத்த பையனுக்கு ஐம்பத்தெட்டு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது, அதுவரைக்கும் அதுதான் அதிகம். இது மார்க் இல்லை, மண்டை என்று தலைவர் தொண்டை வறளச் சொன்னார். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஐம்பத்துமூன்று வந்த பையனின் தாய்மாமா மறுகூட்டல் கேட்டார். "கொஞ்சம் காதுக்கு மேல வச்சு அளங்க சார், எங்க பரம்பரையிலயே ஐம்பத்தஞ்சுக்குக் குறைஞ்சு யாரும் இல்ல" என்றார். தலைவர் மறுபடி அளந்து, அரை சென்டிமீட்டர் கூட்டிக் கொடுத்தார். அதைச் சொல்லி அவர் பிறகு வருத்தப்பட்டார். வாழ்க்கையில் அவர் அளவில் செய்த ஒரே தப்பு அதுதான்.

இன்னொரு பக்கம், சில கெட்டிக்காரர்கள் ஏழு இலக்கத்துக்குப் பதில் கடைசி இரண்டை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு, அறுபது என்று இருந்தவர்களுக்கு 'வாழ்த்துகள்' வந்தது, கூடவே பன்னிரண்டாம் நம்பர் பொம்மையின் படம். லேசான புன்னகை, நிமிர்ந்த மோவாய், தோள் வரைக்கும் படிய வாரிய கூந்தல். முதலிடம் பிடித்த மாணவி என்று படத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். பார்த்தாலே படிக்கிற களை தெரிகிறது என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது.

மதியம் சந்தைத் தெரு டியூஷன் சென்டர்காரர் அந்தப் படத்தோடு என் கடைக்கு வந்தார். ஆறடிக்கு நாலடி பேனர் வேண்டுமாம், கலரில், 'எங்கள் மாணவி' என்று பெரிதாக. எனக்கு அந்த முகத்தைத் தெரியும், பதினோரு வருஷமாக எதிரே பார்க்கிற முகம். இது விக் கடைப் பொம்மை என்று சொன்னேன். கொஞ்சம் ஜாடை இருக்கலாம் என்றார் அவர். எதிர்க் கடையைக் கையால் காட்டினேன். அவசரம், சீக்கிரம் குடுங்க என்றார். கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பாலத்தடி டியூஷன் சென்டர்காரரும் அதே படத்தோடு வந்தார். அவருக்கு 'ஐந்தாண்டுகளாக எங்களிடமே பயின்றவர்' என்று வேண்டியிருந்தது. அதையும் அடித்துக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு உண்மையான முடிவு வெளியானது. வரிசை அப்படியே கரைந்துபோனது. தலைவர் நாற்காலியில் சாய்ந்து, டேப் கழுத்தில் தொங்க, எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். தொண்ணூற்றேழு தலைகள் அளந்திருந்தார். மச்சான் அந்த லிங்க்கை எடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவரைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார், சந்துக் கதவு வழியாக. எல்லாம் தன்னால்தான் என்றார். வேலை போய்விடும் என்று பயந்தார். அதைவிட, ஏன் அனுப்பினாய் என்று கேட்டால் தலைத் துணியை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்குமே என்று பயந்தார். குழுவில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். யாரோ போலி லிங்க்கைப் பரப்பி டீச்சரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று பெற்றோர்களே பேசி முடித்துவிட்டார்களாம். பிறகென்ன என்றார் தலைவர். கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணை வருகிறது, முதலில் அனுப்பியது யார் என்று உங்கள் பதிவில் இருக்குமே என்றார் டீச்சர். இருந்தது. எந்த நேரத்தில் யார் என்ன எண்ணைப் போட்டார்கள், எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று மச்சானின் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தது. முதல் வரியில் ஐம்பத்தைந்து. நீள நோட்டைத் திறந்தால் ஐம்பத்தைந்துக்கு நேரே டீச்சரின் போன் நம்பர்.

அதிகாரி மறுவாரம் வந்தார். கல்வி அலுவலகத்தில் பெரிய பதவி. கூடவே ஃபைலைக் கட்டிப் பிடித்தபடி ஒரு உதவியாளர். தலைவர் எழுந்து நின்று, "வாங்க சார், உட்காருங்க. இதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்ததில்லையே" என்று வரவேற்றார். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் உள்ளே நின்றேன்.

அதிகாரி சுற்றி வளைத்து ஏதேதோ பேசினார். உதவியாளர்தான் கறாராக இருந்தார். இருபதாயிரம் பேரைக் குழப்பியிருக்கிறீர்கள், முதலில் அனுப்பியவர் யார் என்று தெரிந்தாக வேண்டும், பதிவேட்டை எடுங்கள் என்றார்.

"பதிவேடு இருக்கு," என்றார் தலைவர். "ஆனா அதுல ஒரே ஒருத்தரை மட்டும் தனியாப் பார்க்க முடியாது. திறந்தா எல்லாரும் தெரிவாங்க. எத்தனை வருஷமா வர்றாங்க, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தறாங்க, என்ன அளவு, என்ன நிறம், போன் நம்பர், எல்லாமே இருக்கும்."

"அதைத்தான் கேட்கிறோம்," என்றார் உதவியாளர்.

தலைவர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். திறக்கட்டுமா?"

அதிகாரியின் வலது கை மெல்ல நெற்றிக்குப் போனது. பாதி வழியில் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது. வியாபார ரகசியத்தில் தலையிட நமக்கு அதிகாரம் இல்லை என்று உதவியாளரிடம் சொன்னார். தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி ஃபைலை மூடச் சொன்னார். உதவியாளர் விடாமல், அப்படியானால் அந்த முதல் மாணவியைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டார். இரண்டு டியூஷன் சென்டர்களும் ஒன்றன்மேல் ஒன்று புகார் கொடுத்திருந்தன. அதிகாரி தட்டில் இருந்த பன்னிரண்டாம் நம்பரை ஒரு நிமிஷம் பார்த்தார். "மேல் படிப்புக்கு வெளியூர் போயிட்டாங்கன்னு எழுதுங்க," என்றார்.

அவர்கள் போன பிறகு நான் தலைவரிடம் நேராகவே கேட்டேன், அதிகாரியும் நம் கடைத் தலைதானா என்று. அவர் நோட்டை உள்ளே வைத்துப் பூட்டினார். "டீ ஆறிப்போச்சு," என்றார்.

டீச்சருக்கு வேறொரு சிக்கல். அவர் விரும்பிய கூந்தல் சந்தைத் தெருவிலும் பாலத்தடியிலும் ஆறடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது? தலைவர் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை பார்த்தார். நீளத்தை இரண்டு விரல் குறைத்தார், வகிட்டை இடப்பக்கம் மாற்றினார், நெற்றியில் ஒரு சுருள் விட்டார். டீச்சர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு, தங்கையிடம் கேட்க வேண்டியதில்லை என்றார். பள்ளி திறந்த அன்று யாரும் எதையும் கவனிக்கவில்லையாம். தலைமை ஆசிரியை மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, உங்களைப் பார்த்தால் யாரோ நன்றாகப் படிக்கிற பெண் ஞாபகம் வருகிறது, யார் என்றுதான் தெரியவில்லை என்றாராம்.

அதற்குப் பிறகு, அன்றைக்கு வரிசையில் நின்ற அப்பாக்களிலும் மாமாக்களிலும் சிலர், தனித்தனியாக, வேறு வேறு நாட்களில், சந்துப் பக்கமாக வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் இந்தத் தெருவுக்கே இப்போதுதான் முதல் தடவை வருவதாகச் சொன்னார்கள். தலைவரும் வழி கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்ததா என்று விசாரித்தார். மறுகூட்டல் கேட்ட தாய்மாமாவும் வந்தார். அவருக்கு ஐம்பத்துநாலுதான்.

ஷேர் பட்டன்களில் நாலை எடுக்கச் சொல்லிவிட்டார் தலைவர். மிச்சம் வைத்தது ஒன்று, அதில் 'எனக்கே அனுப்பு' என்று எழுதச் சொன்னார். அமுக்கினால் அவரவர் போனுக்கே லிங்க் போகும், வேறு எங்கேயும் போகாது. மச்சான் இதெல்லாம் ஒரு ஷேரா என்று முனகினார். முதல் மாதமே நூற்று நாற்பது பேர் அமுக்கியிருந்தார்கள்.

குட்டி லிங்க்குக்குப் புதுப் பேர் வைக்க ஒரு வாரம் மூன்று பேரும் என் கடையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் இருந்தது, அந்த அர்த்தத்துக்காகக் காத்திருக்கிற ஒரு கூட்டமும் எங்கேயோ இருக்கும்போலத் தோன்றியது. கடைசியில் ஒரு அர்த்தமும் இல்லாத ஏழு எழுத்துகளைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்தது. அதை இன்றுவரை எங்கள் மூவரில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. யாராவது போனில் கேட்டால் தலைவர் இரண்டு எழுத்து சொல்லிப் பார்ப்பார், மூன்றாவதில் தடுமாறுவார், அப்புறம் சந்துக் கதவுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.